குறிப்பறிதலும் குறிப்புரைத்தலும்

கேட்ட பின் கொடுப்பதினும் கேளாமுன் கொடுப்பதே உயர்ந்த கொடை என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கருத்தாகும். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தன் தேரை நிறுத்திச் சென்ற பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் கடையெழு வள்ளல்களுள் வைத்து எண்ணப்படுகின்றனர். முல்லை தனக்குத் தேர் வேண்டுமென்று கேட்கவில்லை. மயில் தன்னைக் குளிர் வாட்டுகிறது என்று முறையிடவில்லை. மற்றோர் உயிரின் தேவையைக் குறிப்பால் உணர்ந்து, சொல்லுக்குக் காத்திராமல் செயற்பட்ட பெருமையே அவ்விருவரையும் இன்றளவும் வாழவைக்கிறது.

இந்தப் பெருமையைத் தனக்கும் உரியதென இன்று கொண்டாடுகிறது மென்பொருள். கைத்தொலைபேசியில் ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினால் முழுச்சொல்லையும் அது நீட்டுகிறது. வாக்கியத்தைத் தொடங்கினால் முடிவைத் தருகிறது. எந்தச் செய்தியைப் படிக்க வேண்டும், எந்தப் பாட்டைக் கேட்க வேண்டும், எந்தச் சாலையில் செல்ல வேண்டும் என்பனவற்றையெல்லாம் கேட்கும் முன்னரே கூறிவிடுகிறது. சில வேளைகளில் கூறுவதோடு நில்லாமல் செய்தும் முடித்துவிடுகிறது. மனிதனின் தேவையை முன்னரே ஊகித்து அதனை நிறைவேற்றுதல் மென்பொருளின் கடமையா? அல்லது குறிப்பு மட்டும் காட்டிவிட்டு, முடிவை அவனிடமே விட்டு ஒதுங்கி நிற்றல் கடமையா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பொறியாளர் மட்டுமே எண்ண வேண்டிய வினாவாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்குவார்க்கு, உதவி என்பது எது, உரிமை என்பது எது என்னும் பழைய அறவினாவே புதிய ஆடை உடுத்து வந்திருப்பது புலப்படும்.

இரு வழிகள்

கணினித் துறையில் இவ்வினா தோன்றி அரை நூற்றாண்டிற்கு மேலாகிறது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வாரன் டைட்டல்மன் என்பவர், லிஸ்ப் என்னும் கணினி மொழியில் நிரல் எழுதுவோர்க்குத் துணையாக ஒரு வசதியை ஆக்கினார். ‘நான் கருதுவதைச் செய்’ என்று பொருள்படும் பெயரை அது பெற்றது. எழுதுபவர் பிழையாகத் தட்டச்சு செய்தால், அவர் கருதியது எதுவாக இருக்கும் என்று ஊகித்து அது தானே திருத்திக்கொள்ளும். பெயரிலேயே ஒரு பேராசை அடங்கியிருந்தது. சொன்னதைச் செய்வது கருவியின் இயல்பு. கருதியதைச் செய்வது உற்ற துணைவனின் இயல்பு. கருவியைத் துணைவன் ஆக்க முயன்றார் டைட்டல்மன்.

அம்முயற்சியைப் பற்றி நிரலர்களிடையே ஒரு கதை வழங்கி வருகிறது. ஒருவர் தம் கோப்புகளின் பழைய படிகளை மட்டும் அழிக்க எண்ணிக் கட்டளை இட்டாராம். அத்தகைய படிகள் எவையும் அப்போது இருக்கவில்லை. இல்லாததை அழிக்கச் சொல்லியிருக்கமாட்டார், எல்லாவற்றையும் அழிக்கவே சொல்லியிருப்பார் என்று அந்த வசதி முடிவு செய்து, உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கிவிட்டது. ஏறத்தாழ ஆறு கோப்புகள் தொலைந்த பின்னரே அவரால் அதனைத் தடுத்து நிறுத்த முடிந்தது என்பர். அந்த ஊகம் அறிவற்ற ஊகம் அன்று. ஓரளவு தருக்கமும் அதில் இருந்தது. ஆயினும் ‘இதுவா நீர் கருதியது?’ என்று ஒரு வினா எழுப்பியிருந்தால் ஒரு கோப்பும் அழிந்திராது.

1997ஆம் ஆண்டில் இரு அறிஞர்கள் இவ்வினாவை நேர்நின்று வாதிட்டனர். மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன், கருவி என்பது பயன்படுத்துவோரின் கைக்கும் கண்ணுக்கும் அடங்கியதாக, அடுத்து என்ன செய்யும் என்று தெளிவாகத் தெரிவதாக இருத்தல் வேண்டும் என்றார். செயலுக்குப் பொறுப்பேற்பவர் மனிதர்; ஆதலின் ஆட்சியும் அவரிடமே இருத்தல் வேண்டும் என்பது அவர் நிலை. மாசச்சூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேட்டி மேஸ், கணினி உலகம் பெருகிவிட்ட நிலையில் எல்லாவற்றையும் மனிதர் தம் கையாலேயே செய்தல் இயலாது என்றார்; அவர்தம் பழக்கங்களை அறிந்து அவர்கள் சார்பில் செயற்படும் முகவர்கள் வேண்டும் என்று வாதிட்டார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. தாமே எல்லாவற்றையும் செய்யவேண்டியவர் களைத்துப் போகிறார். எல்லாவற்றையும் பிறரிடம் விட்டவர் நாளடைவில் தம் வீட்டிலேயே விருந்தினர் ஆகிறார்.

கொடைமடம்

இரண்டிற்கும் இடையே எல்லைக்கோடு வரைவது எங்ஙனம்? விடைக்குப் பேகனிடமே மீண்டும் செல்லலாம். மயிலுக்கு உண்மையிலேயே குளிர்ந்ததா? இயற்கை அதற்குத் தோகையும் இறகும் அளித்துள்ளது. பேகனின் ஊகம் தவறாகவே இருந்திருக்கக்கூடும். பழந்தமிழ்ப் புலவர் அதனை அறியாதவர் அல்லர். தகுதியும் தேவையும் ஆராயாது வழங்கும் அந்த இயல்பினைக் ‘கொடைமடம்’ என்றே அவர்கள் பெயரிட்டனர். மடம் என்று கூறியும் அதனைப் பழியாகக் கொள்ளாமல் புகழாகக் கொண்டனர். ஏன்? பேகன் தவறு செய்திருந்தால் இழப்பு பேகனுக்கே. ஒரு போர்வை போயிற்று. மயிலுக்கு யாதொரு கேடும் இல்லை. பிழையின் விலையைக் கொடுத்தவனே ஏற்றுக்கொண்டமையால் அம்மடமை அழகாயிற்று.

மென்பொருளின் ஊகத்தில் நிலைமை தலைகீழாகிறது. அது தவறாகக் கணித்துச் செயற்பட்டால் மென்பொருளுக்கு ஓர் இழப்பும் இல்லை. அழிந்த கோப்பும், தவறான ஆளுக்குச் சென்ற மடலும், கருதாத பொருளில் பதிந்த சொல்லும் பயன்படுத்தியவரின் கணக்கிலேயே சேர்கின்றன. பிறர் பொருளை வைத்து ஒருவன் வள்ளன்மை காட்டுவானாயின் உலகம் அவனை வள்ளல் என்று கூறாது. ஆதலின் முன்னுணர்ந்து உதவுதல் என்னும் அறத்திற்கு ஒரு கட்டுப்பாடு தேவைப்படுகிறது. ஊகம் பொய்த்தால் விலை கொடுப்பவர் எவரோ, செயலுக்கு இசைவு தரும் உரிமையும் அவருக்கே உரியது.

அமைச்சனின் எல்லை

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில் அமைச்சியலுள் அமைந்தது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில் அமைந்தது. அரசவையிலும் காதலிலும், வாய் திறவாதார் உள்ளத்தை முகத்தாலும் கண்ணாலும் அறிதல் ஓர் அருந்திறன் என்பது வள்ளுவர் கருத்து. காதலில் ஒருவர் நோக்கை மற்றவர் நோக்கு எதிர்கொள்வதால், ஊகம் மெய்யா பொய்யா என்பதற்கு மறுமொழி அங்கேயே கிடைத்துவிடுகிறது. அரசவையில் அத்தகைய சமநிலை இல்லை. அங்கே ஒருவன் ஆள்பவன், மற்றவன் துணைநிற்பவன்.

அத்துணைவனுக்கு வள்ளுவர் விதிக்கும் எல்லை கருதத்தக்கது. அரசன் தானும் அறியாதவனாய், அறிந்தார் சொல்லையும் ஏலாதவனாய் இருப்பினும், உறுதியானதை எடுத்துக் கூறுதல் அமைச்சனின் கடன் என்பது ‘அமைச்சு’ அதிகாரம் தரும் கருத்தாகும். கூறுதலைக் கடன் என்றாரேயன்றி, அரசனை விலக்கிவிட்டுத் தானே செய்து முடித்தலைக் கடன் என்றாரில்லை. அரசனின் உள்ளத்தை எத்துணை நுட்பமாக அறிந்தவனாயினும் அமைச்சன் அமைச்சனே. அறியும் ஆற்றல் ஆளும் உரிமையைத் தந்துவிடுவதில்லை. மென்பொருளைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் குழம்பிப்போகும் இடம் இதுவே. ‘எங்கள் மென்பொருள் உங்கள் தேவையைச் சரியாகக் கணிக்கிறது’ என்று அதனை ஆக்கியோர் கூறுவர். கணிப்பு சரியாகவே இருக்கட்டும். உரியவரைக் கேளாமல் செயற்படும் உரிமை அதற்கு எங்கிருந்து வந்தது என்பதே வினா.

பாலத்தின் முன்

அங்ஙனமாயின் கருவி எப்போதும் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டுமா? வேண்டா. ஆங்கிலேய மெய்யியலார் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆன் லிபர்ட்டி’ என்னும் நூலில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறார். ஒருவன் இடிந்துவிழும் நிலையில் உள்ள பாலத்தின்மேல் செல்ல முற்படுகிறான், எச்சரிக்கக் காலமில்லை. அப்போது அவனைப் பற்றி இழுத்தல் அவன் உரிமையைப் பறித்ததாகாது. ஏனெனில் ஆற்றில் விழ வேண்டும் என்பது அவன் விருப்பம் அன்று. ஆனால் கேடு உறுதியாக இல்லாமல், வரக்கூடும் என்னும் அளவிலேயே இருக்குமானால், அவனுக்கு எச்சரிக்கை கூறலாம். வலிந்து தடுத்தல் கூடாது என்கிறார் மில்.

செயலுக்கும் குறிப்பிற்கும் இடையிலான கோட்டினை இதனினும் தெளிவாக வரைதல் அரிது. மகிழுந்து மோதும் கணத்தில் காற்றுப்பை விரிகிறது. விரியட்டுமா என்று அது கேட்பதில்லை. கேட்கக் காலமும் இல்லை. உயிர் பிழைக்க வேண்டும் என்பதில் ஐயமும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையைக் கணினி அவ்வப்போது தானே சேமித்து வைக்கிறது. அதனாலும் எவர்க்கும் கேடு விளைவதில்லை; வேண்டாதபோது நீக்கிவிடலாம். நோக்கம் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாக இருத்தல், கேட்கக் காலமின்மை, செய்ததை எளிதில் மீட்க இயலுதல் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே கருவிக்குச் செயலுரிமை தரலாம்.

இவை அமையாத இடத்தில் நேரும் கேட்டிற்குச் சான்று தொலைவில் இல்லை. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஜக்கார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். 2019ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அடிஸ் அபாபாவிலிருந்து புறப்பட்ட எத்தியோப்பிய விமானம் வீழ்ந்து 157 பேர் மாண்டனர். இரண்டும் போயிங் 737 மேக்ஸ் வகையின. விமானத்தின் மூக்கு அளவிற்கு மீறி உயர்ந்துவிட்டது என்று கருதினால் விமானியைக் கேளாமலே அதனைக் கீழ்நோக்கித் திருப்பும் மென்பொருள் ஒன்று அவற்றில் இருந்தது. ஒரே ஓர் உணர்கருவியின் அளவை நம்பி அது செயற்பட்டது. அக்கருவி பொய்யுரைத்தபோது, மென்பொருள் திரும்பத் திரும்ப மூக்கைத் தாழ்த்தியது. விமானிகள் உயர்த்தப் போராடினர். லயன் ஏர் விபத்து நேரும்வரை அப்படியொரு மென்பொருள் இருப்பதைக்கூட விமானிகளின் கையேடு அவர்களுக்கு விளக்கியிருக்கவில்லை.

அதே விமானத்தில் இன்னொரு பழைய ஏற்பாடும் உண்டு. விமானம் தாங்குவிசையை இழக்கும் நிலையை நெருங்கினால் விமானியின் கையில் உள்ள இயக்குதண்டு அதிரும். அது ஒரு குறிப்பு. ‘கேடு நெருங்குகிறது, எண்ணிப் பார்’ என்று அது கையோடு பேசுகிறது. அது பொய்யாக அதிர்ந்தாலும், பொய் என்று தெளிந்து செயற்பட விமானிக்கு வழி உண்டு. பொய்யான குறிப்பைப் புறக்கணிக்கலாம். பொய்யான செயலோடு போராடத்தான் முடியும். பின்னர், 2020ஆம் ஆண்டில் அவ்விமானங்கள் மீண்டும் பறக்க அமெரிக்கா இசைவளித்தபோது அம்மென்பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தது. இரண்டு உணர்கருவிகளின் அளவையும் அது ஒப்பிட வேண்டும். திரும்பத் திரும்பச் செயற்படலாகாது. விமானியின் கைவலிமையை அது மீறலாகாது என்று வரையறுத்தனர். 346 உயிர்களை இழந்த பிறகே அமைச்சனுக்கு எல்லை வகுக்கப்பட்டது.

குறிப்பும் குற்றமற்றதன்று

இதனால் குறிப்புரைத்தல் எப்போதும் நன்று என்று முடிவு கட்டிவிடலாகாது. குறிப்பிலும் தீமை உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் ஆபீஸ் 97 தொகுப்பில் காகிதப்பிடி வடிவில் ஓர் உதவியாளனைத் திரையில் உலவவிட்டது. கடிதத்தின் தொடக்கத்தை எழுதினாலே அது தோன்றி, உதவி வேண்டுமா என்று கேட்கும். தானாக எதனையும் செய்யவில்லை, குறிப்பே காட்டியது. ஆயினும் மக்கள் அதனை வெறுத்தனர். 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் அது பின்னொதுக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. எழுதும் கையைக் காலம் அறியாது தடுத்ததும், வேண்டா என்று உணர்த்தியும் கற்றுக்கொள்ளாததுமே அதன் குற்றங்கள். அந்நிறுவனத்தின் ஆய்வாளர் எரிக் ஹோர்விட்ஸ் 1999ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், குறுக்கீட்டிற்கும் ஒரு விலை உண்டு என்பதைக் கணக்கில் கொண்டார். உறுதி மிகுந்தால் செய்தல், நடுத்தரமாயின் கேட்டல், குறைந்தால் வாளாவிருத்தல் என்னும் மூன்றனுள் ஒன்றைப் பயனும் இழப்பும் நோக்கித் தேர்தல் வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. வாளாவிருத்தலும் ஓர் உதவியே என்பதை அவர் கணக்கு உணர்த்துகிறது.

குறிப்பின் இரண்டாவது தீமை இதனினும் நுண்ணியது. 2018ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் மின்னஞ்சலில் வாக்கியத்தை முடித்துத் தரும் வசதியை அளித்தது. அதனை ஆய்ந்தபோது, முதலீட்டாளர் ஒருவரைச் சந்திக்கப் போவதாக எழுதினால் அடுத்த வாக்கியத்தில் அவரை ஆணாகவே கருதி அது சொல் தருவது தெரியவந்தது. முதலீட்டாளர் பெண்ணாகவும் இருக்கலாம் அன்றோ? நிறுவனம் அவ்வசதியில் பால்காட்டும் சுட்டுப்பெயர்களையே முன்மொழியாதவாறு நிறுத்திவிட்டது. எவரையும் அக்குறிப்பு வற்புறுத்தவில்லை. ஆயினும் உலகின் பழைய ஓரவஞ்சனையை மெல்லிய குரலில் ஒவ்வொருவர் காதிலும் ஓதியிருக்கும். ஆகவே குறிப்பு தரும் கருவிக்கும் அறம் வேண்டும். காலமறிந்து வருதல், மறுத்தால் விலகுதல், ஒன்றையே திணியாது பலவற்றைக் காட்டல் ஆகியன அவ்வறத்தின் கூறுகள்.

அத்தகைய குறிப்பு ஒரு வாழ்வையே தாங்கவும் வல்லது. இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் உடலின் இயக்கத்தை இழந்த நிலையில், கன்னத் தசையின் சிறு அசைவால் கணினியை இயக்கினார். அடுத்து வரக்கூடிய சொற்களை மென்பொருள் கணித்துக் காட்டும். அவற்றுள் வேண்டியதை அவர் தேர்வார். கணிப்பு பொறியுடையது, தேர்வு அவருடையது. ஆதலின் அவ்வுரையை உலகம் ஹாக்கிங்கின் உரை என்றே கேட்டது.

மாணவரும் சொல்லும்

தமிழ் வகுப்பறைக்கு இவ்வினா மிக அண்மையில் வந்து நிற்கிறது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், செல்லினம் முதலிய மென்பொருள்கள் தமிழைக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் எழுதுவதை எளிதாக்கின. இன்று தமிழ் விசைப்பலகைகள் சொல்லையும் முன்மொழிகின்றன. தமிழில் ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும். மனம் வேறு, மணம் வேறு. அறம் வேறு, அரம் வேறு. வலி, வளி, வழி மூன்றும் மூன்று பொருள். இவை யாவும் பிழையற்ற சொற்கள். எழுதியவர் கருதியது எது என்பதைப் பொறி சூழலைக் கொண்டு ஊகிக்கலாமேயன்றி அறுதியிட்டுக் கூற இயலாது. எனவே இரண்டையும் காட்டித் தேர்ந்துகொள்ளச் சொல்லும் பொறி மாணவருக்கு எழுத்தறிவைக் கற்பிக்கிறது. ஒன்றைத் தானே மாற்றி எழுதிவிடும் பொறி, பிழை நேர்ந்ததையே மறைத்துவிடுகிறது. மறைக்கப்பட்ட பிழையிலிருந்து எவரும் கற்பதில்லை.

எழுத்தினும் பெரிது சொல்தேர்வு. ஒரு மாணவர் ‘மழை’ என்று எழுதுகிறார். பொறி ‘பெய்தது’ என்று நீட்டுகிறது. அவர் கண்ட மழை தூறியதோ, பொழிந்ததோ, கொட்டியதோ, பொறி அறியாது. மிகுதியாக வழங்குவது எதுவோ அதனையே அது முன்வைக்கும். வீட்டில் நாளும் தமிழ் கேட்டு வளர்பவர் அதனைத் தள்ளிவிட்டுத் தம் சொல்லை எழுதுவார். ஆனால் சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியர் இல்லங்களில் ஆங்கிலம் பெருகித் தமிழ் குறைந்து வருவதைக் காட்டிற்று. அத்தகைய இல்லத்திலிருந்து வரும் மாணவருக்குப் பொறி நீட்டும் முதற்சொல்லே ஒரே சொல்லாகவும் ஆகிவிடக்கூடும். அவர் நெஞ்சில் தூறல் இருந்தும் தாளில் தூறல் விழாது. 2022ஆம் ஆண்டு இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், சொல்லை மட்டுமன்று, முழுக் கட்டுரையையும் முடித்துத் தரப் பொறிகள் அணியமாக நிற்கின்றன.

இங்கேதான் ‘தேவை’ என்னும் சொல்லை ஆராய்தல் வேண்டும். விமானத்தில் சென்று சேர வேண்டிய இடம் முன்னரே முடிவானது. எழுதும் மாணவரிடத்தில் அங்ஙனம் முடிவான தேவை ஒன்றும் இல்லை. சொல்லைத் தேடும்போதுதான் தாம் சொல்லக் கருதியது எது என்பதே அவருக்குத் தெளிவாகிறது. தேடலே கருத்தை உருவாக்குகிறது. உருவாகாத தேவையை எவரும் முன்னறிதல் இயலாது. முன்னறிந்ததாகக் கூறுபவர் தம் தேவையை அவர்மேல் ஏற்றுகின்றவரே. விடைக்குள் மாணவரை அடைத்துவிடும் உதவி அவருக்கு உதவியாகாது. அதே பொறி தூறல், சாரல், பொழிவு, கொட்டல் என்பனவற்றைப் பொருளோடு அடுக்கிக் காட்டி, ‘உன் மழை எது?’ என்று கேட்குமானால், வீட்டில் கிடைக்காத சொற்செல்வம் அவருக்குக் கிடைக்கும். மொழி நலிந்த இல்லத்துப் பிள்ளைக்குச் செயற்படும் பொறி இழப்பையும், குறிப்புரைக்கும் பொறி ஆக்கத்தையும் தரும்.

மாணவன் ஏற்கும் திறனை அறிந்து ஆசிரியர் கற்பிக்க வேண்டும் என்று நன்னூலின் பொதுப்பாயிரம் கூறுகிறது. நல்லாசிரியர் மாணவரின் தடுமாற்றத்தை முன்னரே உணர்வார். விடையும் அவர் நாவின் நுனியில் இருக்கும். ஆயினும் உடனே சொல்லிவிடார். தேவையானால் ஒரு குறிப்பு தருவார், போதுமானால் பேசாதிருப்பார். மாணவர் பள்ளத்தில் விழப்போகும்போது மட்டும் கைநீட்டித் தடுப்பார். அறிதலில் கூர்மையும் செயலில் அடக்கமும் ஒருங்கே அமைந்த அவ்வொழுக்கமே மென்பொருளை ஆக்குவோர்க்கும் வழிகாட்டியாதல் வேண்டும்.

பொறிகள் இனிக் குறைந்த அளவே ஊகிக்கும் என்று எதிர்பார்த்தல் இயலாது. நாளுக்கு நாள் நுட்பமாகவே ஊகிக்கும். எனவே பொறியை அடக்கும் சட்டங்களோடு, பொறியின் முன் தயங்கி நிற்கும் பழக்கமும் மனிதருக்கு வேண்டும். திரையில் சொல் ஒன்று நீளும்போது, ‘இது என் கருத்தா, அல்லது எளிதில் கிடைத்ததா?’ என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கும் மாணவர், அச்சொல்லை ஏற்றாலும் மறுத்தாலும் தம் எழுத்திற்குத் தாமே உரியவராகிறார். அந்த ஒரு கணத்தைக் கற்பித்தல் இன்றைய தமிழாசிரியரின் பணிகளுள் ஒன்றாகிவிட்டது.